கொக்கியில் இல்லாத மைக்

வண்டி ஓட்டிக்கொண்டே வானொலியில் பேசுவது எவ்வளவு ஆபத்து என்று ஒரு மணி நேரம் விளக்குவதற்காக நான் கடல் தாண்டி மட்டக்களப்புக்குப் போனேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனை இதற்காக மெனக்கெட்டு அழைக்கிறார்கள் என்றால், அழைப்பவர்களுக்கு அவனைப் பற்றி அதிகம் தெரியாது என்று பொருள். திருச்சியில் என் வீட்டார் இந்த விஷயத்தில் என்னை ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச விடுவதில்லை.

அழைத்தவர் களுதாவளைப் புவனேந்திரன். முகம் பார்க்காமல் பல வருடம் பழகிய நண்பர். நாங்கள் இருவரும் ஹாம்கள். அதாவது, தேர்வு எழுதி, அரசிடம் உரிமம் வாங்கி, கூரைமேல் ஆண்டெனா கட்டி, உலகத்தில் எங்கோ இருக்கும் இன்னொரு உரிமக்காரரோடு உங்கள் ஊரில் மழையா வெயிலா என்று பேசிக்கொள்ளும் வகையினர். அவருடைய வட்டாரத்து ஹாம்கள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். சிறப்புரை நான்.

கொழும்பிலிருந்து வந்த ரயிலில் எதிரே இருந்த பெண்மணி தன் அவித்த கடலையில் பாதியை எனக்குத் தந்துவிட்டு, "மட்டக்களப்பில ஆரு இரிக்கா உங்களுக்கு?" என்று கேட்டார். ரேடியோவில் பழக்கமான ஒருவர் என்றேன். "பாட்டு விருப்பம் கேட்டு எழுதிப் போடுவீங்களாக்கும்" என்றார். மறுத்துப் பேசினால் கடலை நின்றுவிடும் என்று தோன்றியதால் ஒப்புக்கொண்டேன். காட்டுக்குள் ரயில் ஒருமுறை நின்றது. தண்டவாளத்தில் யானை என்றார்கள். எங்கள் பக்கத்தில் ரயில் காரணம் சொல்லாமல் நிற்கும்.

புவனேந்திரன் நிலையத்துக்கு வேனோடு வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, ஓயாமல் பேசுகிற மனிதர். அந்த வேன்தான் அவருக்குச் சோறு. கிளினிக்குக்குப் போகும் நோயாளிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றி இறக்குகிறார். முன்னிருக்கையில், என் முழங்காலை ஒட்டி, பழைய செட் ஒன்று பொருத்தியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி. அதில் சுருள்கம்பியோடு மைக். மைக்கின் விலாவில் ஒரு பொத்தான். அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் கிடையாது. வாசகர் இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். வேறு மின்னணுவியல் எதுவும் இந்தக் கட்டுரையில் வராது.

ஆரையம்பதி வருவதற்குள் அவர் கை அந்த மைக்குக்கு எத்தனை முறை போனது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். வலது கையில் ஸ்டியரிங், இடது கையில் மைக், வாயில் காத்தான்குடி ஹாம் நசீர் நானாவுக்கு என் உடல்நிலை பற்றிய அறிக்கை. ஆரையம்பதியில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கையில என்ன?" என்று சிங்களம் கலந்த தமிழில் கேட்டார்.

"மைக் சேர். ஹாம் றேடியோ. போன் இல்ல. போன் கதைக்கக் கூடாதெண்டுதானே சட்டம்."

"போன் இல்ல, சரி. கை இருக்குதானே? அது ஸ்டியரிங்ல இல்லதானே?"

என் பணிக்காலம் முழுவதும் கேட்ட வாதம் இது. விதியில் என் பொருளின் பெயர் இல்லை என்பார்கள். பேருந்து ஓட்டிக்கொண்டே சவரம் செய்த ஒருவர், சட்டத்தில் சவரக்கத்தி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டிருக்கிறார். இந்தத் தொல்லை வேண்டாமென்றுதான் எங்கள் நாட்டில் 'கையில் பிடிக்கும் தொடர்புக் கருவி' என்று பொதுவாக எழுதிவிட்டார்கள். நான் இருக்கையிலிருந்தபடியே பொலிஸ்காரருக்கு ஆதரவாகத் தலையசைத்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். புவனேந்திரனும் பார்த்தார்.

"இண்டைக்கு விடுறன். இன்னொரு தரம் கையில மைக் கண்டா லைசன் என்கிட்ட இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

வண்டி நகர்ந்ததும் புவனேந்திரன், "ஏன் சேர், நீங்க ஆருட பக்கம்?" என்றார்.

"சட்டத்தின் பக்கம்."

"அவரும் அதத்தான் சொன்னார். மறுகா எனக்கு ஆருதான் இரிக்கா?"

இரவு புட்டு, நண்டுக் கறி, கடைசியில் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிர். நண்டைப் பற்றி எனக்கு எந்த விதியும் தெரியாது என்பதை அவர் மனைவி உடனே கண்டுகொண்டு, ஓட்டை உடைத்து உடைத்து வைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது.

மறுநாள் பகலிலும் விடவில்லை. இங்கே நீளவாக்கில் கிடக்கும் வாவி ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழுகிற கடல்பக்கம் எழுவான்கரை. விழுகிற வயல்பக்கம் படுவான்கரை. களுதாவளை எழுவான்கரை. எதிரே படுவான்கரையில் மண்டூர். அங்கே மின்சாரமும் போன் சமிக்ஞையும் காலையிலேயே போய்விட்டன. மண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரே குரல் யோகமலர் டீச்சருடையது. அவரும் ஹாம். கார் பேட்டரியில் செட்டை ஓட்டிக்கொண்டு, எந்த றோட்டில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். என் உரிமம் என் நாட்டுக்கு. இங்கே பேச அனுமதிக்கு விண்ணப்பிக்க நேரம் போதவில்லை.

மத்தியானச் சோற்றில் கை வைத்திருந்தபோது அந்தக் குரல் மாறியது.

"புவி அண்ணா, நிக்கிறீங்களா? பரமேஸ்வரி அக்காவப் பாம்பு கடிச்சிட்டு. வீட்டுக்குள்ள வெள்ளம் வந்து, நெல்லு மூட்டையத் தூக்கக்குள்ள. கண்ணாடி விரியன் எண்டுதான் சொல்லுறாங்க. பாதையில ஏத்தி குருமண்வெளிக்கு அனுப்பப் பாக்குறம். நீங்க துறையில வேனோட நில்லுங்க. பாதை வெளிக்கிட்டா நான் கூப்பிடுறன்."

பரமேஸ்வரி புவனேந்திரனின் அக்கா. மண்டூரில் வாழ்க்கைப்பட்டவர். 'பாதை' என்பது வாவியைக் கடக்கும் மிதவைப் படகு. அது வந்து சேரும் இடம் இந்தக் கரையில் குருமண்வெளி. அங்கிருந்து களுவாஞ்சிகுடி வைத்தியசாலை கிட்ட. அம்புலன்ஸ் வேறொரு வெள்ளத்துக்குப் போயிருந்தது. விரியன் கடியில் நேரம்தான் மருந்து. கையைக் கழுவாமலே கிளம்பினோம்.

வண்டியை எடுத்ததும் புவனேந்திரனின் இடது கை தானாகக் கொக்கிக்குப் போனது. தெருவெல்லாம் தண்ணீர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. இந்த நிலையில் ஒற்றைக் கையால் ஓட்டினால் அக்காவுக்கு முன்னால் நாங்கள் வைத்தியசாலைக்குப் போய்ச் சேருவோம். நான் மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்து, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே செருகி, அவர் எடுக்காதபடி மேலே என் தோல்பையை வைத்தேன். பைக்குள் என் சிறப்புரையும் இரு நாட்டு விதிகளின் நகல்களும் இருந்தன. கனமான பை. அவருடைய போனையும் வாங்கி, சத்தத்தை நிறுத்தி, முன்பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

"டீச்சர் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் கேட்கும். பதிலை வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்லலாம்."

"சரி சேர்" என்றார். சண்டை போடும் நிலையில் அவர் இல்லை.

கண்ணாடி ரப்பரின் வழியே மழை ஒழுகி செட்டின்மேல் சொட்டியது. என் துண்டை எடுத்து அதைப் போர்த்தினேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

வேன் நடைவேகத்தில் போனது. புவனேந்திரனுக்குப் பயம் வந்தால் பேச்சு வரும். அன்று பேச்சு முழுவதும் அக்காவின் கணவர் சிவலிங்கத்தைப் பற்றி.

"அந்த மனிசன் அக்காவ ஒரு நாளும் பாத்ததில்ல சேர். மூட்டை தூக்க அவவ விட்டிட்டு இவர் எங்க போனவர்? சந்தியில நிண்டு ஊர்க்கதை கதைச்சிருப்பார்."

"உங்களுக்கும் அவருக்கும் பேச்சு இல்லையா?"

"என்ட மகள்ட கலியாணத்துக்கே வரல்ல. நேர வந்து வெத்தில வெச்சுச் சொல்லல்லியாம். போனில சொன்னது மரியாதை இல்லியாம்."

"போனில்தான் சொன்னீர்களா?"

"வேன் ஓடிக்கிட்டு இரிக்கக்குள்ள சொன்னன். நேரம் எங்க சேர்?"

அது தனிக்குற்றம் என்றேன். அவர் மனதை வேறு பக்கம் திருப்பலாம் என்று நினைத்தோ, அல்லது வேறு எதுவும் எனக்குத் தெரியாததாலோ, என் உரையை அப்படியே ஒப்பிக்கத் தொடங்கினேன். கவனம் மூன்று வழியாகச் சிதறும். கண் பாதையை விட்டுப் போவது, கை ஸ்டியரிங்கை விட்டுப் போவது, மனம் இரண்டையும் விட்டுப் போவது. முதல் இரண்டைப் பொலிஸ் பிடிக்கலாம், மூன்றாவதைப் பிடிக்க முடியாது. உதாரணங்களோடு சொன்னேன். சவரக்கத்தியையும் சொன்னேன். அவர் ஓம், ஓம் என்றுகொண்டே வந்தார். பிறகு சொன்னார்:

"அக்காவுக்கு ஏதும் நடந்திச்செண்டா, அந்தாள்ட முகத்தில நான் முழிக்க மாட்டன். செத்த வீட்டில கூட அவர் பக்கத்தில நிக்க மாட்டன்."

குருமண்வெளித் துறையில் ஒரு தகரக் கொட்டகையும் அதற்குள் ஒரு கிழவரும் இருந்தார்கள். வாவிக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லை. எதிர்க்கரை தெரியவில்லை. புவனேந்திரன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி ஓடினார்.

"பாதை எங்க அப்பா?"

"அங்கால நிக்கு மனே. ஆள் வந்தா எடுப்பாங்க."

"எடுப்பாங்களா இந்தக் காத்தில?"

"எடுப்பாங்க. எடுக்காட்டி நிக்கும்" என்றார் கிழவர்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். செட் பேசவில்லை. பாதை வெளிக்கிட்டால் கூப்பிடுகிறேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கூப்பிடவில்லை. அப்படியானால் இன்னும் புறப்படவில்லை. அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. காத்திருந்தோம். மழை கூரையில் கொட்டிய கொட்டில் எங்கள் மூச்சே எங்களுக்குக் கேட்கவில்லை. புவனேந்திரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, "எனக்கு இரிக்கிறது அவ ஒராள்தான் சேர்" என்றார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். வேறொன்றும் செய்வதற்கு இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, என் வலது முழங்கால் சுட்டது. எஞ்சின் சூடு என்று காலை நகர்த்தினேன். பிறகுதான் எஞ்சின் அணைந்து வெகுநேரமாகிவிட்டது நினைவுக்கு வந்தது. முழங்காலை ஒட்டியிருந்தது செட். கையை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் கொதித்தது.

கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் செட் சுடாது. பேசிக்கொண்டிருந்தால்தான் சுடும்.

துண்டை இழுத்தேன். பேசும்போது மட்டும் எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தோல்பையைத் தூக்கினேன். அதன் அடிவிளிம்பு மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தது. களுதாவளையிலிருந்து இவ்வளவு நேரமும் நாங்கள் ஊருக்கே பேசிக்கொண்டு வந்திருக்கிறோம். எங்களோடு யாராலும் பேச முடியவில்லை. புதிய செட்டுகளில் சில நிமிடத்தில் தானாக நிற்கும் ஏற்பாடு உண்டு. இது பழையது. பொறுமையாக எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறது.

பையைத் தூக்கிய கணத்தில் விளக்கு மாறியது. ஓர் ஆணின் குரல் வண்டிக்குள் வெடித்தது.

"...புவி, கேக்குதா? பாதைய எடுக்க மாட்டமெண்டிட்டாங்க. மெசினில வந்தம். வெல்லாவெளி றோட்டில மெசின் நிண்டிட்டு. அக்காவுக்கு ஏலாது. புவி, கேக்குதா?"

புவனேந்திரன் ஸ்டியரிங்கிலிருந்து நெற்றியை எடுத்தார். "அத்தான்" என்றார்.

நடந்தது இதுதான். காற்றில் பாதையை எடுக்க முடியாது என்று ஓட்டுநர்கள் சொன்னதும், சிவலிங்கம் மனைவியை உழவு மெசின் என்று அங்கே சொல்லும் டிராக்டரின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தரைவழியாகப் புறப்பட்டிருக்கிறார். வெல்லாவெளி, போரதீவு, பட்டிருப்புப் பாலம், பிறகு வைத்தியசாலை. சுற்றுவழி. யோகமலர் தன்னிடமிருந்த கைச்செட்டை அவர் கையில் கொடுத்து, அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பாலத்துக்கு வா என்று சொல்ல அவர் வழிநெடுக அழுத்திக்கொண்டே வந்திருக்கிறார். விடும்போதெல்லாம் எங்கள் குரல்தான் அவருக்குக் கேட்டிருக்கிறது.

புவனேந்திரன் ஒரு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டே மறு கையை மைக்குக்கு நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "நீங்கள் ஓட்டுங்கள்." பொத்தானை அழுத்தி மைக்கை அவர் வாயருகே பிடித்தேன். "உங்கள் அழைப்புக் குறியைச் சொல்லுங்கள். உங்கள் மேற்பார்வையில் நான் பேசுவதாகச் சொல்லுங்கள்." உயிர் ஆபத்தில் யார் பேசினாலும் குற்றம் இல்லை. அதுவும் விதியில் இருக்கிறது. ஆனாலும் என் கைக்குப் பழகிய வரிசை அது. அவர் சொன்னார். அதன்பின் நான் பேசினேன்.

"சிவலிங்கம் அவர்களே, நான் புவனேந்திரனின் நண்பர். பாலத்தைத் தாண்டி உங்களிடம் வருகிறோம். எங்கே நிற்கிறீர்கள்? பேசி முடித்ததும் ஓவர் என்று சொல்லிவிட்டு விரலை எடுங்கள். ஓவர்."

"உங்களத் தெரியும். இவ்வளவு நேரமும் உங்கட கதையத்தான் கேட்டுக்கிட்டு வந்தம். ரெண்டு பேர்ட கதையும். ஓவர்."

புவனேந்திரன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? ஓவர்."

"கால் வீங்கிட்டு. பல்லு முரசில ரெத்தம் கசியுது. கண்ணத் திறக்கச் சொன்னா ஏலாதெண்டுறா. போரதீவுக்கு இஞ்சால மதகு ஒண்டு இரிக்கு, அதடியில நிக்கம். அங்கால கழுத்துத் தண்ணி. ஓவர்."

இடையில் இன்னொரு குரல் நுழைந்தது. நசீர் நானா. "சேர், ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிட்டன், மருந்தோட நிக்கிறாங்க. ஆளக் கொண்டு வாங்க, அது போதும். உங்க போனுக்கு எத்தின தரம் அடிச்சன் தெரியுமா? எங்க ஒளிச்சு வெச்சிரிக்கீங்க?"

முன்பெட்டியைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

பாலத்தடியில் குறுக்கே கட்டை போட்டிருந்தார்கள். மறித்து நின்றது ஆரையம்பதியில் பார்த்த அதே பொலிஸ்காரர், மழைச்சட்டையில். "அங்கால போக ஏலாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வண்டியை அடையாளம் கண்டுகொண்டார். புவனேந்திரனின் இரண்டு கைகளையும் பார்த்தார். இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தன. பிறகு என் கையில் மைக்கைப் பார்த்தார். அப்போது செட்டில் சிவலிங்கத்தின் குரல் வந்தது. "புவி, அவ கதைக்கிறதும் நிண்டிட்டு. எங்க வாறாய்? ஓவர்."

பொலிஸ்காரர் கட்டையைத் தானே இழுத்து ஓரத்தில் போட்டார்.

போரதீவைத் தாண்டியதும் ரோடு தண்ணீருக்குள் இறங்கியது. ஓரத்துக் கற்களைக் குறிவைத்து, கதவுக்குள் தண்ணீர் வரும்வரை ஓட்டினார் புவனேந்திரன். அதற்குமேல் வண்டி போகாது. எதிரே வயல்வெளி முழுவதும் வெள்ளம். அவர்கள் வட்டை என்று சொல்லும் அந்தப் பெரும் நெல்நிலத்தில் வரப்பும் இல்லை, பயிரும் இல்லை. தூரத்தில் மெசினின் தலை மட்டும் தெரிந்தது.

பிறகு ஒரு தோணி தெரிந்தது. வாவியில் மீன் பிடிக்கிற சின்னத் தோணி, நெல்வயலுக்கு மேலே வந்துகொண்டிருந்தது. இருவர் பக்கத்தில் நடந்து தள்ளினார்கள். முன்னால் மார்பளவு தண்ணீரில் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்து வந்தவர் ஒரு கையைத் தலைக்குமேலே உயர்த்திப் பிடித்திருந்தார். அந்தக் கையில் கைச்செட். நனைந்துவிடக் கூடாது என்று.

புவனேந்திரன் தண்ணீருக்குள் குதித்து ஓடினார். தோணியிலிருந்து அக்காவை அவரும் சிவலிங்கமும் சேர்ந்து தூக்கினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். சிவலிங்கம் பின்னிருக்கையில் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி திரும்பியது.

பாலத்தின்மேல் பின்னாலிருந்து சிவலிங்கத்தின் குரல் வந்தது. சத்தமில்லாத குரல்.

"நான் சந்தியில நிக்கல்ல புவி. மூட்டைய ரெண்டு பேரும்தான் தூக்கின. பாம்பு அவட பக்கத்தில இரிந்திச்சு."

புவனேந்திரன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அதச் சொல்லத்தான் எத்தின தரம் அமத்தினன். நீ விட்டாத்தானே. கலியாணத்துக்குச் சொல்லக்குள்ளயும் இப்பிடித்தான். நீ கதைச்சாய், வெச்சிட்டாய்."

வண்டி ஓட்டுபவரோடு பேசக் கூடாது என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. மைக் என் கையில் இருந்தது. என் விரல் பொத்தானில் இல்லை என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன்.

வைத்தியசாலையில் தயாராக இருந்தார்கள். விரியன் கடிக்கு ஒரு சோதனை உண்டு. கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கிறார்கள். உறைந்தால் நல்லது. பரமேஸ்வரியின் ரத்தம் உறையவில்லை. மருந்து ஏற்றினார்கள். மறுபடி எடுத்தார்கள். அதுவும் தண்ணீராகவே இருந்தது. தாதி ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் மைத்துனர்கள் இருவரும் எழுந்து நின்றார்கள், விறாந்தையின் இரண்டு முனைகளில். நடுவில் இருந்த பெஞ்சில் நான். நான் போட்ட ஒழுங்குதான் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். சிவலிங்கம் ஒருமுறை எழுந்துபோய் மூன்று பிளேன்டீ வாங்கி வந்தார். ஒன்றை எனக்குத் தந்தார். ஒன்றைப் புவனேந்திரனின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் முனைக்குத் திரும்பினார். அந்தத் தேநீர் ஆறிப்போனது.

காலையில் தாதி குழாயைச் சாய்த்துக் காட்டினார். ரத்தம் ஓடவில்லை. கட்டியாக நின்றது. வந்த அன்று இரவு சட்டியில் பார்த்த தயிர் எனக்கு நினைவுக்கு வந்தது. இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நினைவுக்கு வந்தது. புவனேந்திரன் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். சிவலிங்கம் அவர் அருகே போய் நின்றார். தொடவில்லை. நின்றார்.

மழை விட்டதும் கூட்டம் நடந்தது. களுவாஞ்சிகுடியில் ஒரு பள்ளி மண்டபம். தண்ணீரைத் தள்ளிக் கூட்டிய ஈரத் தரை. யோகமலர் டீச்சர் தொண்டை கட்டி வந்திருந்தார். என்னை அறிமுகப்படுத்த எழுந்த நசீர் நானா, வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"சேர்ட பேச்ச நாங்க எல்லாரும் முந்தாநாளே கேட்டாச்சு. கண்ணு, கை, மனசு. சவரக்கத்தியும் கேட்டம். நல்ல தெளிவா இரிந்திச்சு, ஒள்ளுப்பமும் இரைச்சலில்ல. மிச்சம் ஏதும் இரிந்தாச் சொல்லட்டும்."

மண்டபம் சிரித்தது. நான் உரையைப் பைக்குள் வைத்தேன். மிச்சம் ஒன்று இருந்தது. ஓட்டுநரின் கையிலிருந்து மைக்கை எடுப்பது சரி. எடுத்த மைக்கை எங்கே வைப்பது என்று நான் படித்த எந்த விதியும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஒரு கொக்கியில், பக்கத்து இருக்கைக்காரரின் கைக்கு எட்டும்படி. செட்டின் விளக்கை எதனாலும் மூடக் கூடாது. போன் பக்கத்து இருக்கைக்காரரிடம் இருக்கட்டும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் ஓரமாக நிறுத்துங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திருச்சியில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நான் புறப்பட்ட நாளில் நிலையத்துக்குக் கொண்டுபோக வேன் வந்தது. முன்னிருக்கையில் எனக்கு இடமில்லை. அங்கே சிவலிங்கம் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னை வழியனுப்பவும் வருகிறாராம். நான் பின்னால் ஏறினேன். கொக்கியைக் கழற்றி இடது பக்கம் அடித்திருந்தார்கள். மைக் அதில் தொங்கியது.

ஆரையம்பதி தாண்டியதும் செட்டில் நசீர் நானா கூப்பிட்டார். புவனேந்திரனின் இடது கை எழுந்தது. பாதியில் நின்று ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. சிவலிங்கம் மைக்கை எடுத்து மச்சானின் வாய்க்கு நேரே பிடித்தார். பொத்தானில் அவர் கட்டைவிரல். இரு நாட்டு விதிகளையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். குற்றம் எதுவும் இல்லை.

"நானா, சேர ஏத்திக்கிட்டு ஸ்டேசனுக்குப் போறம். அக்கா இண்டைக்குக் கஞ்சி குடிச்சவ. அத்தானும் கூட வாறார். அவர் என்ன செஞ்சார் தெரியுமா நானா, நேத்து..."

சிவலிங்கம் விரலை எடுத்தார். சிவப்பு விளக்கு அணைந்தது.

"நீ கதைச்சது காணும்" என்றார். "இனி மத்தவங்க கதைக்கட்டும்."

புவனேந்திரன் திறந்த வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.